கண்டி மேடும் இதயத்தின் கணக்கும்

மேடு ஏறப்போகிறவரின் நாடித்துடிப்பு, முதல் அடி வைப்பதற்கு முன்பே சற்று உயர்ந்துவிடுகிறது. ஏறவேண்டும் என்று மூளை தீர்மானித்த கணத்திலேயே, இதயத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் வேகஸ் நரம்பின் பிடி தளர்கிறது. நாடி நிமிடத்துக்கு 100ஐ நெருங்கும்வரை பெரும்பாலும் இந்தத் தளர்வே போதும். அதற்கு மேல் போகவேண்டுமானால் பரிவு நரம்புகளும் அதிரினலினும் வேலைக்கு இறங்குகின்றன. கண்டி நகரில் பைரவகந்தைப் பக்கமோ ஹந்தானைப் பக்கமோ வீடு உள்ள ஒருவருக்கு இந்த மாற்றம் ஒரு நாளில் பலமுறை நடக்கிறது. கடைக்குப் போய் வருவதே இங்கு ஒரு மேடும் ஒரு பள்ளமும்தான்.

ஓய்வில் இருக்கும் வளர்ந்தவரின் இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலீற்றர் குருதியை வெளியேற்றுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஏறத்தாழ 5 லீற்றர். கடுமையாக ஏறும்போது சாதாரண உடல்வாகு உள்ளவரில் இது 15 முதல் 20 லீற்றர் வரை போகும்; நன்கு பயின்ற ஓட்டவீரரில் 30 லீற்றரையும் தாண்டும். அளவு கூடுவதோடு குருதி போகும் வழியும் மாறுகிறது. ஓய்வில் ஐந்தில் ஒரு பங்குதான் எலும்புத்தசைகளுக்குப் போகிறது. உச்ச முயற்சியில் ஐந்தில் நான்கு பங்கு அங்கே போய்விடுகிறது. குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் செல்லும் குழாய்கள் சுருங்க, தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் செல்பவை விரிகின்றன. மதியம் வயிறு நிறையச் சோறு உண்டவுடன் மேடு ஏறினால் உடல் இரண்டு பக்கமும் இழுபடுவதற்கு இந்தப் பங்கீடே காரணம்.

குழாய்கள் விரிவதில் அவற்றின் உட்சுவரான அகவணிக்குப் பெரும் பங்கு உண்டு. வேகமாக ஓடும் குருதி அந்தச் சுவரை உராயும்போது அது நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவைச் சுரக்கிறது. சுற்றியுள்ள மென்தசை இளகுகிறது. இதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. நடக்கும்போது குருதி அமுக்கத்தின் மேல் எண் 180 வரை உயர்ந்தும் கீழ் எண் அசையாமல் நிற்பது இந்த விரிவினால்தான். நடந்து முடித்தபின் சில மணிநேரம் அமுக்கம் வழக்கத்தைவிடக் குறைந்திருப்பதற்கும் இந்த விரிவு ஒரு காரணம். பாரத்தைத் தூக்கி அசையாமல் பிடித்திருந்தால் நிலைமை வேறு. இறுகிய தசை தன் குழாய்களைத் தானே நெரிக்கிறது. மேல் எண், கீழ் எண் இரண்டும் ஏறுகின்றன. இந்த வேறுபாடு தோட்டத் தொழிலைப் பற்றிப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

சரிவு எவ்வளவு செலவு வைக்கிறது என்பதைக் கணக்கிடலாம். உடற்பயிற்சி ஆய்வுகூடங்களில் வழங்கும் சூத்திரத்தின்படி, மணிக்கு 4 கிலோமீற்றர் வேகத்தில் சமதரையில் நடப்பவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்குச் சுமார் 10 மில்லிலீற்றர் ஒட்சிசன் வேண்டும். அதே வேகத்தில் நூறு மீற்றருக்குப் பத்து மீற்றர் உயரும் சரிவில் ஏறினால் 22 மில்லிலீற்றர் வேண்டும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது சமதரையில் அரை லீற்றர், மேட்டில் ஒரு லீற்றருக்கு மேல். வாவிக்கரைப் பாதையிலிருந்து ஒரு திருப்பம் திரும்பி மேட்டு வீதியில் கால் வைத்தவுடன் உடலின் செலவு இரட்டிப்பாகிறது.

அந்த ஒட்சிசனைச் சுமந்து போவது ஈமோகுளோபின். ஒரு கிராம் ஈமோகுளோபின் 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசனை ஏந்தும். 100 மில்லிலீற்றர் குருதிக்கு ஈமோகுளோபின் 14 கிராம் உள்ளவரின் ஒரு லீற்றர் குருதியில் ஏறத்தாழ 188 மில்லிலீற்றர் ஒட்சிசன் இருக்கும். 7 உள்ளவரில் 94தான். இரு பெண்களின் இதயமும் உச்சத்தில் நிமிடத்துக்கு 12 லீற்றர் குருதியைத் தள்ளுகிறது என்றும், வரும் ஒட்சிசனில் முக்கால் பங்கை உடல் எடுத்துக்கொள்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு ஏறத்தாழ 1,700 மில்லிலீற்றர் கிடைக்கும். மேட்டுக்கு வேண்டிய 1,100 போக மிச்சமும் இருக்கும். இரண்டாமவருக்குக் கிடைப்பது 850. அந்த மேட்டை அந்த வேகத்தில் அவரால் நின்று நின்றுதான் ஏறமுடியும். இதயம் முழு வேகத்தில் அடித்தாலும் கணக்கு இடிக்கிறது. தசை ஒட்சிசன் போதாமல் இலக்டிக் அமிலத்தைக் குவிக்கிறது. "நெஞ்சு படபடக்குது, காலு கெஞ்சுது" என்று தோட்டங்களில் சொல்லப்படும் இரண்டு சொற்றொடர்களில் இந்த உடலியல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இந்தக் கணக்கை மனித உடலில் அளந்து காட்டிய புகழ்பெற்ற ஆய்வுகள் இலங்கையின் தேயிலைத் தோட்டப் பெண்களிடம்தான் நடந்தன. 1970களில் பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவத் துறையைச் சேர்ந்த பிரையன் செனவிரத்னவும், கலிபோர்னியாவிலிருந்து வந்த வி. ரெஜி எட்ஜர்டன், ஜி. டபிள்யூ. கார்ட்னர், வை. ஓஹிரா ஆகியோரும் சேர்ந்து செய்தவை அவை. உலகின் உடற்பயிற்சியியல் பாடநூல்கள் அரை நூற்றாண்டாக எடுத்துக்காட்டிவரும் தரவுகள் மலையகத் தமிழ்ப் பெண்களின் கால்களிலும் குருதியிலும் இருந்து வந்தவை என்பது தமிழில் போதிய அளவு சொல்லப்படவில்லை. அது சொல்லப்பட வேண்டும்.

1977இல் வெளியான ஆய்வில் 22 முதல் 65 வயது வரையான 75 பெண்கள் பங்குபற்றினார்கள். அவர்களின் ஈமோகுளோபின் 6.1 முதல் 15.9 கிராம் வரை இருந்தது. ஓடுபொறியில் படிப்படியாகக் கடினமாக்கப்பட்ட சோதனையை எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள், நாடி எப்படி ஏறுகிறது, குருதியில் இலக்டிக் அமிலம் எவ்வளவு சேர்கிறது என்பன அளக்கப்பட்டன. ஈமோகுளோபின் குறையக் குறையத் தாங்கும் நேரம் குறைந்தது. ஒரே வேலைக்குக் குருதிச்சோகை உள்ளவரின் இதயம் அதிகமாக அடித்தது. அவருடைய குருதியில் இலக்டிக் அமிலமும் கூடுதலாக இருந்தது. சோகை கடுமையானால்தான் உடல் தளரும் என்ற பழைய எண்ணம் இதில் அடிபட்டது. சற்றே குறைந்த ஈமோகுளோபினும் உச்ச முயற்சியில் தன் விலையைக் கேட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1979இல், பிரித்தானிய மருத்துவ இதழில் இதே குழு வெளியிட்ட கட்டுரை ஆய்வுகூடத்தை விட்டு மலைக்கே போனது. ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்து மாத்திரை, மறு பகுதியினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஒவ்வொருவரும் நாளொன்றுக்குப் பறித்த கொழுந்து நிறுக்கப்பட்டது. ஒரு மாதத்தில், ஈமோகுளோபின் உயர்ந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். 6 முதல் 9 கிராம் வரை இருந்தவர்களில்தான் முன்னேற்றம் மிக அதிகம். கருவி பொருத்தி அன்றாட நடமாட்டத்தையும் பதிவுசெய்தார்கள். மூன்று வாரத்தின் பின், இரும்புச்சத்து பெற்றவர்கள் வெறும் மாத்திரை பெற்றவர்களைவிட அதிகமாக நடமாடினார்கள். அந்த ஆய்வின் மிக அருமையான பகுதி இதுவே. கொழுந்தின் நிறை தோட்ட நிர்வாகத்துக்கு முக்கியம். மாலையில் லயத்துக்குத் திரும்பிய பெண் பிள்ளையோடு முற்றத்தில் நிற்கத் தெம்பு பெற்றாள் என்பது அவளுக்கு முக்கியம். சோம்பல் என்று கங்காணி ஏசிய ஒன்று குருதியில் இருந்த குறை என்பதற்கு அது எண்களில் கிடைத்த சாட்சி.

தோட்டங்களில் குருதிச்சோகை வேரூன்றியதற்குக் காரணங்கள் பல. மாதவிடாயிலும் பிரசவத்திலும் போகும் இரும்பு ஈடுசெய்யப்படுவதில்லை. வெறுங்காலோடு ஈரமண்ணில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும் கொக்கிப்புழு குடலில் ஒட்டிக் குருதியை உறிஞ்சுகிறது. ரொக்கபெல்லர் நிறுவனம் 1916இல் இலங்கையில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தோட்டங்களைக் குறிவைத்ததும் இதனால்தான். இறைச்சியும் மீனும் குறைந்த சாப்பாட்டில் கிடைக்கும் தாவர இரும்பு உடலில் எளிதில் சேராது. அதோடு சாப்பிட்ட கையோடு குடிக்கும் வெறுந்தேத்தண்ணீரின் தனின் பொருள்கள் அந்த இரும்பையும் கட்டிப்போடுகின்றன. தேயிலையைப் பறிப்பவரிடமிருந்தே தேயிலை இரும்பை எடுத்துக்கொள்கிறது. தேத்தண்ணீரை ஒரு மணிநேரம் தள்ளி வைத்து, சாப்பாட்டோடு தேசிக்காய் பிழிந்துகொண்டால் நிலைமை ஓரளவு மாறும். விற்றமின் சி தாவர இரும்பை உடல் ஏற்க உதவுகிறது.

கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவை, மடுல்கலை போன்ற கண்டிச் சுற்றுப்புறத் தோட்டங்களில் ஒரு பெண் நாள் முழுவதும் ஏறி இறங்குகிறார், முதுகில் பாரம் சுமக்கிறார். பிறகு அவருக்கு உடற்பயிற்சி எதற்கு என்ற கேள்வி இயல்பாக எழும். ஆராய்ச்சி இதற்கு இரண்டு விடைகளை வைத்திருக்கிறது.

முதல் விடை லண்டனிலிருந்து வந்தது. ஜெரி மொரிஸ் 1953இல் லான்செட் இதழில் லண்டன் போக்குவரத்து ஊழியர்களைப் பற்றி எழுதினார். சுமார் 31,000 ஆண்கள். இரட்டைத்தட்டு பஸ்ஸில் நாளுக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்கிய கொண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய சாரதிகளுக்கு மாரடைப்பு கூடுதல்; மாரடைப்பு வந்து விரைவில் இறந்தவர்களும் சாரதிகளில் அதிகம். உடல் அசைவு இதயத்தைக் காக்கிறது என்ற நவீன அறிவின் தொடக்கம் அது. இரண்டாவது விடை டென்மார்க்கிலிருந்து வந்தது. அன்ட்ரேயாஸ் ஹோல்டர்மனும் சகாக்களும் கோபன்ஹேகனில் 1,04,046 பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓய்வுநேரத்தில் உடலை அசைப்பவருக்கு இதயநோயும் மரணமும் குறைந்திருந்தன. தொழிலில் கடுமையாக உழைப்பவருக்கு அவை கூடியிருந்தன. வறுமை, புகைத்தல் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வேறுபாடு நின்றது.

இரண்டும் முரண்படுவதாகத் தோன்றினாலும் உடலியலில் அவை பொருந்தி வருகின்றன. இதயம் பலப்படுவது உழைக்கும் நேரத்தில் அல்ல, உழைத்தபின் ஓய்வெடுக்கும் நேரத்தில். லண்டன் கொண்டக்டர் படியேறினார், நின்றார், மூச்சு வாங்கினார், மறுபடி ஏறினார். தோட்டப் பெண் காலை முதல் மாலை வரை மிதமான சுமையோடு நிற்கிறார். தலையிலோ தோளிலோ தொங்கும் பாரத்தால் கழுத்தும் முதுகும் நாள் முழுவதும் இறுகியிருக்கின்றன. அமுக்கத்தின் இரு எண்களும் உயர்ந்தே நிற்கின்றன. ஒரு நாள் வேலை முழுதாகப் பதிவாக, அதாவது 'பேர் விழுவதற்கு', 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் வைத்திருக்கும் இலக்கு, களைத்தபோது உட்காரும் உரிமையைப் பறிக்கிறது. வீடு திரும்பினால் விறகும் தண்ணீரும் அடுப்பும் காத்திருக்கின்றன. குருதியில் இரும்பும் இல்லை. உழைப்பு பயிற்சியாக மாறுவதற்கு வேண்டிய ஓய்வு, உணவு, குருதி மூன்றும் அவருக்கு மறுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே தோட்டத் தொழிலாளியிடம் "நீங்க தினமும் நடக்கிறீங்கதானே, உங்களுக்கு ஹார்ட் வருத்தம் வராது" என்று சொல்வது தவறு. நகரத்து அலுவலகத்தில் இருப்பவருக்குச் சொல்லும் நடை ஆலோசனையை அப்படியே அவருக்குச் சொல்வதும் தவறு.

மேட்டைப் பற்றிப் பேசியாயிற்று. பள்ளத்துக்கும் தனி உடலியல் உண்டு. ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடலை உயர்த்துகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தடுத்துப் பிடிக்கிறது. 1952இல் அபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூவர் இரண்டு சைக்கிள்களைப் பின்பக்கம் பின்பக்கமாக வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் அந்தப் பெடலை எதிர்த்துத் தடுக்கவேண்டும். இருவரின் கால்களிலும் விழும் விசை ஒன்றே. ஆனால் தடுப்பவருக்கு வேண்டிய ஒட்சிசன் மிதிப்பவருக்கு வேண்டியதில் சிறு பங்குதான். லண்டனில் இதைக் காட்சிப்படுத்தியபோது சிறிய உடலுள்ள ஒரு பெண் பெரிய உடலுள்ள ஓர் ஆணைச் சிரமமில்லாமல் களைக்க வைத்தார். இறக்கத்தில் இதயத்துக்கு வேலை குறைவு. தசைக்கு அடி அதிகம். பழக்கமில்லாதவர் நீண்ட இறக்கத்தில் நடந்தால் மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை பிடித்துக்கொள்வது இதனால். சில நாள் கழித்து மீண்டும் இறங்கினால் வலி பெருமளவு குறைந்திருக்கும்.

அவுஸ்திரியாவின் அல்ப்ஸ் மலையில் ஹைன்ஸ் ட்ரெக்சல் குழு இதை ஒரு படி மேலே கொண்டுபோனது. உடலசைவு குறைந்த ஆரோக்கியமானவர்கள் சில மாதம் மேடு மட்டும் ஏறினார்கள், கம்பிவண்டியில் இறங்கினார்கள். பிறகு சில மாதம் கம்பிவண்டியில் ஏறிக் கால்நடையாக இறங்கினார்கள். ஏற்றம் குருதியிலுள்ள டிரைகிளிசரைட்டைக் குறைத்தது. இறக்கம் குளுக்கோசைக் கையாளும் திறனைக் கூட்டியது. கெட்ட கொலஸ்ட்ரோல் என்று அழைக்கப்படும் எல்.டி.எல். இரண்டிலும் குறைந்தது.

கண்டியில் கம்பிவண்டிக்குப் பதில் த்ரீவீல் இருக்கிறது. சந்தையிலிருந்து வீட்டுக்குச் சாமான்களோடு த்ரீவீலில் ஏறி, நகரத்துக்குப் போகும்போது நடந்து இறங்குவதைப் பலர் சோம்பேறித்தனம் என்று நினைத்து வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. நீரிழிவு உள்ள, மேடு ஏறினால் மூச்சு முட்டும் நடுத்தர வயதினருக்கு இறக்கம் மிக நல்ல தொடக்கம். முழங்கால் தேய்ந்தவர் மட்டும் படிகளைத் தவிர்த்து, சாய்வான வீதியில் சிறு அடிகளாக இறங்க வேண்டும்.

தொடர்ந்து நடப்பவரின் உடலில் முதலில் மாறுவது குருதியின் திரவப் பகுதி. சில நாட்களிலேயே அது கூடுகிறது. நிறைந்து வரும் இதயவறை ஒவ்வொரு துடிப்பிலும் அதிகமாகத் தள்ளுகிறது. ஆகவே ஓய்வு நாடி இறங்குகிறது. வாரங்கள் போகத் தசைகளில் மயிர்த்துளைக் குழாய்களும் இழைமணிகளும் பெருகுகின்றன. இவ்வளவும் எவ்வளவு விரைவில் போய்விடும் என்பதை 1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் நடந்த ஆய்வு காட்டியது. 20 வயது இளைஞர்கள் ஐவர் மூன்று வாரம் படுக்கையிலேயே கிடந்தார்கள். அவர்களின் உச்ச ஒட்சிசன் பயன்பாடு கால் பங்குக்கு மேல் விழுந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, முதுமை செய்த சேதம் அந்த மூன்று வாரப் படுக்கை செய்ததைவிடக் குறைவு. கால் முறிந்தோ காய்ச்சலிலோ நீண்டநாள் படுத்த வயோதிபரை வீட்டார் இரக்கத்தால் கட்டிலிலேயே வைத்திருப்பது அவருக்குச் செய்யும் பெரிய கெடுதல்.

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் கட்டத் தொடங்கிய கண்டி வாவியைச் சுற்றினால் 3 கிலோமீற்றருக்குச் சற்று மேல். விறுவிறுப்பாக நடப்பவருக்கு ஏறத்தாழ 40 நிமிடம். வாரத்தில் நான்கு நாள் சுற்றினால், உலக சுகாதார நிறுவனம் கேட்கும் 150 நிமிடம் நிறைந்துவிடும். நகரின் உயரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர்தான் என்பதால் காற்றில் ஒட்சிசன் குறைவு ஒரு பொருட்டல்ல. 1,868 மீற்றரில் உள்ள நுவரெலியாவில் அது மெல்ல உணரப்படும். கண்டியின் சிக்கல் வேறு. மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற பள்ளத்தில் நகரம் இருக்கிறது. வாகனப் புகை எளிதில் வெளியேறுவதில்லை. பேராதனைப் பல்கலைக்கழக இரசாயனவியல் ஆய்வாளர்கள் இந்தக் காற்றை நீண்டகாலமாக அளந்து எச்சரித்து வருகிறார்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லீற்றர் காற்றை இழுப்பவர் விறுவிறுப்பாக நடக்கும்போது அதைப்போலப் பலமடங்கு இழுக்கிறார். நுண்தூசு நுரையீரல் வழியே குருதிக்குழாய்களையும் அழற்சிக்கு உள்ளாக்குகிறது. பாடசாலை தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் வாவி வீதியில் நடப்பதைவிட, பொழுது புலரும் நேரமும் உடவத்தகெலே வனமும் பேராதனைப் பூங்காவும் எவ்வளவோ மேல்.

வேகம் எவ்வளவு என்பதற்கு 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு பரவலாக வழங்குகிறது. 50 வயதுக்காரருக்கு உச்சம் 170. மிதமான நடைக்கு 110 முதல் 130 வரை. அதெனலோல் போன்ற பீட்டா தடுப்பு மாத்திரை எடுப்பவருக்கு இந்தக் கணக்கு உதவாது, மாத்திரையே நாடியைக் கட்டிவைத்திருக்கும். அவர்களுக்குப் பேச்சே அளவுகோல். கூட நடப்பவரோடு கதைக்க முடியவேண்டும், பாட முடியக்கூடாது. குருதி அமுக்கம் உள்ளவர்களில் ஒழுங்கான நடை மேல் எண்ணை 5 முதல் 8 வரை குறைக்கிறது. வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் கிராமப்புறங்களில் 2,645 பேரிடம் நடந்து 2020இல் வெளியான கோப்ரா ஆய்வில், சுகாதார ஊழியர்கள் வீடு தேடிப் போய் அமுக்கம் பார்த்து ஆலோசனை சொன்னபோது கிடைத்த கூடுதல் குறைவும் ஏறத்தாழ 5தான். சிறிய எண் போலத் தெரியும் இது, ஊர் முழுவதும் நிகழ்ந்தால் பக்கவாதத்தையும் மாரடைப்பையும் கண்கூடாகக் குறைக்கும். ஆனால் நடை, மாத்திரைக்கு மாற்றல்ல. நடக்கத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்துபவருக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து கூடுகிறது.

நடக்கும்போது நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஏற்பட்டால் வாய்வு என்று எண்ணி மேட்டை ஏறி முடிக்கப் பார்க்கக்கூடாது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து 1990 என்ற இலக்கத்தை அழைக்கவேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம். வலி இல்லாமல் படபடப்பும் மேல்மூச்சும் மட்டும் நாளுக்கு நாள் கூடிவருகிற பெண்கள், குறிப்பாகத் தோட்டங்களில் இருப்பவர்கள், அதை வயசு என்றும் அசதி என்றும் தள்ளிவிட வேண்டாம். அடுத்த முறை கிளினிக்கில் பிரஷர் பார்க்கும்போது, ஈமோகுளோபினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.